எழுத்தில்லாத பதினான்கு விநாடி

நெரிடாவைப் பற்றி நல்லவிதமாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் தொழிற்கல்லூரியின் பாட வீடியோக்களுக்கு ஆறு வருஷம் சப்டைட்டில் எழுதியவள் அவள். அந்த ஆறு வருஷத்தில் அவள் எழுத்தில் யாரும் ஒரு பிழை கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடிக்கிறவருக்கு சிப்பிக்கறி வைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஒன்று வாங்கித் தருவதாகச் சீட்டு எழுதி மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தாள். நான் நாலு வருஷம் முயன்று பார்த்தேன். ஒரு பை கூடத் தேறவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. அந்தச் சுத்தத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் பெயர் வாரிக். கல்லூரியின் கருவி அறை என் பொறுப்பு. ரம்பம், ஹெல்மெட், காதுக்கவசம் எல்லாவற்றையும் ஒரு ஜன்னல் வழியாகக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்பேன். நெரிடாவின் அறை என் அறைக்குப் பக்கத்துக் கதவு. காலை பத்து மணி டீ இரண்டு பேருக்கும் ஒரே கெட்டிலில் கொதிக்கும்.

இங்கே வருவதற்கு முன்னால் அவள் ஹோபார்ட்டில் நீதிமன்றத் தட்டச்சுக்காரி. பத்தொன்பது வருஷம். அந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான்: வாயிலிருந்து வந்தால் எழுது, வராவிட்டால் எழுதாதே. சாட்சி குலுங்கிக் குலுங்கி அழுவார், காகிதத்தில் ஒன்றும் இருக்காது. கைதி மேஜையை ஓங்கி அடிப்பான், காகிதம் அமைதியாக இருக்கும். "அழுதான்னு எழுத நான் யாரு? அதுக்குப் பேரு அபிப்பிராயம்" என்பாள். புருஷன் மேற்கே சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அந்தச் சேதியை அவன் தொலைபேசியில் சொன்னபோது அதையும் வார்த்தை மாறாமல் எழுதி வைத்துக்கொண்டாளாம். அவள் அழுதாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அது காகிதத்தில் இருந்திருக்காது.

அவள் வருவதற்கு முன்னால் கணினியே சப்டைட்டில் போட்டுக்கொண்டிருந்தது. அது போட்டதை மனிதர் படிக்க முடியாது. காது கேட்காத பிள்ளைகள் ஒரு பருவம் உட்கார்ந்து பார்ப்பார்கள், அடுத்த பருவம் காணாமல் போவார்கள். நெரிடா வந்தபிறகு ஒருத்தர் கூடப் பாதியில் நின்றதில்லை. வெல்டிங்கில் இரண்டு பேர், சமையலில் ஒருத்தி, படகு இஞ்சினில் ஒருத்தன் என்று வரிசையாகத் தேறி வேலைக்குப் போனார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு நான் அநியாயம் செய்தவன் ஆவேன்.

கிரிலி வந்தது போன பிப்ரவரியில். முப்பத்தொரு வயது. ஹுவான்வில் சூப்பர் மார்க்கெட்டில் ஒன்பது வருஷம் ரொட்டி சுட்டவள். நாலு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. காது மெஷின் மாட்டினால் லாரி கேட்கும், நாய் குரைப்பது கேட்கும், நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் படித்துச் சமாளிப்பாள். மெஷினைக் கழற்றினால் ஒன்றும் கிடையாது. காதுக்கவசம் போட்டால் மெஷின் உள்ளே கிறீச்சிடும் என்பதால், ரம்பத்தைத் தொடும்போது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள். சேர்ந்தது மரம் வெட்டும் படிப்பில்.

"ஏம்மா, வேற படிப்பே கெடைக்கலயா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஒன்பது வருஷம் பன்னைப் பாத்தாச்சு வாரிக். பன் என்னைக்காவது உன்னைத் திரும்பிப் பாத்திருக்கா?" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவளுக்கு வாத்தியார் டென்ஸில். நாற்பது வருஷம் தெற்குக் காட்டில் தைல மரம் வெட்டியவர், நல்ல மனுஷர். ஆனால் மார்புவரை தாடி, பேசுவதெல்லாம் அதற்குள்ளேயே. காது கேட்கிற எனக்கே பாதி புரியாது, உதட்டைப் படிக்கிறவளுக்கு என்ன கிடைக்கும்? கிரிலியைச் சேர்க்க முதலில் தயங்கினார். பிறகு கையில் ஒரு சிவப்புப் பலகை வைத்துக்கொண்டு அவளுக்கென்று ஒரு முறை ஏற்படுத்தினார். வெட்ட ஆரம்பிக்கும் முன் அவள் பலகையைப் பார்க்க வேண்டும், விலகி வந்தபிறகு பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் வீடியோவில் இருக்கிறது, சப்டைட்டிலோடு. கிரிலிக்கு டென்ஸில் என்றால் அது நெரிடாவின் எழுத்துதான். ஒவ்வொரு வீடியோவையும் பத்துத் தடவை பார்ப்பாள்.

பெரிய மரம் சாய்க்கிற வீடியோவுக்கு நெரிடா எழுதிக்கொண்டிருந்த அன்று நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். அவள் காதில் ஹெட்போன். திரையில் டென்ஸில் ரம்பத்தை நிறுத்துகிறார். கீழே எழுத்து ஓடுகிறது: "ரம்பத்தை நிறுத்திடணும். காதுக்கவசத்தை ஒரு பக்கம் தூக்கிக்கணும். அவசரப்படவே கூடாது." அதோடு எழுத்து நின்றுவிட்டது. டென்ஸில் இடது கவசத்தைத் தூக்கிவிட்டு, மர உச்சியை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். நின்றுகொண்டே இருக்கிறார். கடைசியில் "இப்போ நடக்கலாம்" என்று ஒரு வரி. அவர் பின்பக்கமாகச் சரிவில் விலகி நடக்கிறார், மரம் சாய்கிறது.

"நடுவுல என்ன, தூங்கிட்டாரா?" என்றேன்.

"பேச்சு இல்ல. பதினாலு விநாடி. எனக்கு ஓய்வு" என்று நெரிடா டீயை வாங்கிக்கொண்டாள்.

"ஒரு சத்தமும் இல்லயா?"

"இருக்கு. மரம் முனகுது. அது என்ன கூண்டுல ஏறிச் சாட்சியா சொல்லுது, எழுதிக்க?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, கிரிலிக்குத் தேர்வு. முதல் முதலாகத் தடித்த மரம், தனி ஆளாக. அதுவரை அவள் வெட்டியதெல்லாம் கையால் தள்ளினாலே சாய்கிற ஒல்லிக் கன்றுகள். காலை ஏழரைக்கே ஜன்னலில் வந்து நின்றாள்.

"எனக்காக ஜெபம் பண்ணிக்கோ வாரிக்."

"நான் ஜெபம் பண்ணா மரம் என் மேலதான் வந்து விழும்."

இரண்டு பக்கமும் காதுக்கவசம் பொருத்திய ஹெல்மெட்டை வாங்கித் தலையில் வைத்துப் பார்த்தாள். இடது கவசத்தைத் தூக்கினாள். என் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, தலையை மெல்ல மெல்ல ஆட்டியபடி நின்றாள். பிறகு கவசத்தை இறக்கிவிட்டு, பின்பக்கமாக மூன்று அடி நடந்தாள்.

"என்னம்மா அது, டான்ஸா?"

"பதினாலு" என்றாள். "டென்ஸில் சரியா பதினாலு எண்ணிட்டுதான் நகருவாரு. நான் கடிகாரம் வெச்சே பழகிட்டேன்."

"அது சரி, கவசத்தை எதுக்குத் தூக்கணும்?"

"எனக்கென்ன தெரியும், காதுக்குக் காத்து வேணுமோ என்னவோ. காது கேக்கற ஆளுங்க நீங்க பண்ற பாதி காரியத்துக்குக் காரணம் கேட்டா, 'அட விடு, ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்வீங்க. நான் கேக்கறதை விட்டு ரொம்ப நாளாச்சு."

நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வேடிக்கையாக இருந்தது, டீ நேரத்தில் நெரிடாவிடம் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்று வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு நடித்தே காட்டினேன். காதுகளைப் பொத்தி, ஒரு கையை எடுத்து, கூரையைப் பார்த்து, தலையை ஆட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

நெரிடாவின் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"திரும்பச் சொல்லு. அவ என்ன சொன்னா? அவ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

சொன்னேன். எழுந்து போய் அந்த வீடியோவைப் போட்டாள். ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினாள். அந்தப் பதினான்கு விநாடியை நான் அப்போதுதான் காதால் கேட்டேன். முதல் இரண்டு விநாடி ஒன்றுமில்லை. மூன்றாவதில் யாரோ பழைய கதவைத் திறக்கிற மாதிரி ஒரு கிறீச். பிறகு மரத்தின் வயிற்றுக்குள்ளே விரல் சொடுக்குகிற மாதிரி ஒன்று, இன்னொன்று, நெருக்கமாக நாலைந்து. பத்தாவதில் அது ஒரே முறிவாகத் தொடர்ந்து வலுக்கிறது. அதன் பிறகுதான் டென்ஸில் நகர்கிறார்.

"அவன் எண்ணல வாரிக்" என்றாள் நெரிடா. "கேட்டுக்கிட்டு நிக்கறான். மரம் சொன்னதும் நடக்கறான். மரம் மூணுல சொல்லும், முப்பதுல சொல்லும். அவ பதினாலு வரைக்கும் அடியிலயே நிப்பா."

தேர்வு நடக்கிற காட்டுப் பள்ளத்தாக்கில் டென்ஸிலின் தொலைபேசி எடுக்காது. வண்டியில் ரேடியோ உண்டு. கூப்பிட்டேன். வண்டியில் ஆள் இருந்தால்தானே.

நெரிடாவின் காரில் கிளம்பினோம். நாற்பது நிமிஷப் பாதை, பாதிக்கு மேல் சரளை. அவள் ஓட்டுகிற விதத்துக்கு நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை விழுந்தும் விழாமலும் இருந்தது. ஒற்றை வண்டிப் பாலத்தில் ஒரு மர லாரி எதிரே வந்தது. அது ஊர்ந்து கடக்கும்வரை நின்றோம். அதன் முதுகில் ஆறு தடிகள், ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம்.

"கேட்டேன்ல" என்றாள். "ஹெட்போன்ல எனக்குக் கேட்டுச்சுல்ல. ரெண்டு வார்த்தை. மரம் முறியுதுன்னு ரெண்டு வார்த்தை. அதுக்கு எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கல."

"டென்ஸில் பக்கத்துலதானே இருப்பாரு" என்றேன்.

"ரெண்டு மர நீளம் தள்ளி இருப்பான். அது விதி."

காட்டு வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்ததும் ரம்பத்தின் சத்தம் கேட்டது. எனக்குப் போன உயிர் வந்தது. ரம்பம் ஓடுகிறது என்றால் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறாள். சேற்றில் ஓடினோம். சிவப்பு நாடா கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் டென்ஸில் பலகையோடு நின்றிருந்தார். அவருக்கு அப்பால், சரிவில், அந்த மரம். அதன் அடியில் மஞ்சள் ஹெல்மெட்டோடு கிரிலி சின்னதாகத் தெரிந்தாள்.

ரம்பம் நின்றது.

அப்போது வந்த அமைதியை நான் எந்த நாளும் மறக்க மாட்டேன். கிரிலி ரம்பத்தைக் கீழே வைத்தாள். இடது கவசத்தைத் தூக்கினாள். அண்ணாந்து பார்த்தாள். உடனேயே மரம் முறிய ஆரம்பித்தது. மூன்றாவது விநாடிக்கெல்லாம் காத்திருக்கவில்லை, முதல் விநாடியிலேயே. உள்ளே உளுத்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். இரண்டு மர நீளம் தள்ளி நின்ற எனக்கே நெஞ்சில் இடித்தது.

"கிரிலி!" என்று நெரிடா கத்தினாள். பத்தொன்பது வருஷம் நீதிமன்றத்தில் வாயைத் திறக்காதவளுக்கு இப்படி ஒரு குரல் இருந்தது. யாருக்குக் கேட்காதோ அவளைப் பார்த்துக் கத்தினாள். டென்ஸில் விசிலை ஊதினார், பலகையைத் தலைக்கு மேல் ஆட்டினார். கிரிலி உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் மெல்ல மெல்ல ஆடியது. ஐந்து. ஆறு. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நானும் கூடவே எண்ணினேன். நெரிடா நாடாவைத் தாண்டி ஓடினாள். சேறு அவளைக் கீழே தள்ளியது. எழுந்து மறுபடி ஓடினாள்.

ஒன்பதில் அடிமரம் நெடுக்காகப் பிளந்து பின்னால் எகிறியது.

ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. உயிர் தங்கியது. இடது காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். உளுத்த மரம், வெளியிலிருந்து தெரியாது என்று முடிவானது. வீடியோவையும் பார்த்தார்கள். "பயிற்சி வீடியோவில் பேச்சு முழுவதும் பிழையின்றி எழுத்தில் தரப்பட்டுள்ளது" என்று அறிக்கையில் ஒரு வரி. டென்ஸில், "இவ்வளவு பெரிய முறிவு அவளுக்கும் கொஞ்சம் கேக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அந்த வாரமே வேலையை விட்டார். எங்கள் மேலாளர் பெட்ரினா அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நெரிடாவின் அறைக்கு ஓடிவந்தாள்.

"உன்மேல ஒரு சின்னக் குத்தம்கூட இல்ல நெரிடா. பாராட்டித்தான் எழுதியிருக்காங்க."

"சத்தத்தை நான் எழுதல. அதைக் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. நீயாப் போயி யார்கிட்டயும் அதைக் கிளறாதே. அந்தப் பொண்ணுக்குக் கால் திரும்பி வரப் போறதில்ல."

பெட்ரினா போனபிறகு நெரிடா, மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த ஸ்காலப் பை சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அந்த வாரம் முழுக்க அந்த வீடியோவையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த மரம் முறிந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டுக்கொண்டு ஹோபார்ட் மருத்துவமனைக்குப் போனாள். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கிரிலி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காதில் மெஷின் இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதுதான் என்னைக் கொன்றது.

"பூ வாங்கிட்டு வராம கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. வெளங்கிடும்" என்றாள்.

நெரிடா அவள் முகத்துக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறக்கும் முன்னால் கிரிலி கையை உயர்த்தினாள்.

"முதல்ல நான் சொல்லிடறேன். உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். நான்தான் மெதுவா எண்ணிட்டேன் நெரிடா. பயத்துல ஒவ்வொரு எண்ணையும் இழுத்துட்டேன். மரம் சரியா பதினாலுக்குதான் விழுந்திருக்கும். எனக்குள்ள ஒன்பதுதான் ஆகியிருந்தது. இங்க படுத்துக்கிட்டு தினமும் கடிகாரத்தைப் பாத்து எண்ணிப் பாக்கறேன். இப்ப சரியா வருது. அன்னிக்குத்தான் தப்பாப் போச்சு."

நெரிடாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீ சரியாத்தான் எண்ணினே" என்று நெரிடா சொல்வது கேட்டது. ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரிகிற மாதிரி. "ஒன்பதுதான். எண்ணவே கூடாது கிரிலி. அதுக்குக் கணக்கே கெடையாது."

மடிக்கணினியைத் திறந்தாள். அந்தப் பதினான்கு விநாடியும் இப்போது எழுத்தால் நிரம்பியிருந்தது. டென்ஸில் நிற்கிறார். கீழே: "மரத்துக்குள் மெல்லிய கிறீச்." அடுத்து: "முறியும் சத்தம். அவர் அதைக் கவனித்துக் கேட்கிறார்." அடுத்து: "முறிவு நெருக்கமாகிறது." அடுத்து: "நிற்காத முறிவு." அப்புறம்தான் "இப்போ நடக்கலாம்."

கிரிலி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். நாலாவது தடவை பாதியில் நிறுத்தினாள்.

"இவ்வளவு நேரமும் சத்தம் இருந்திருக்கு."

"இருந்துச்சு."

"எழுதும்போது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் எழுதல?"

"பேச்சு இல்லன்னு விட்டேன். பெரிய ஒழுங்குன்னு நெனச்சுக்கிட்டு விட்டேன். உன் கால் போனது என்னாலதான்."

கிரிலி திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. போர்வையில் கால் இல்லாத இடத்தைத் தட்டிச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் அங்க வந்திருந்தீங்கன்னு நர்ஸ் சொன்னா. நெசமா?"

"வந்திருந்தோம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல. வானம் தெரிஞ்சுது. எண்ணிக்கிட்டிருந்தேன். சுத்திலும் நல்ல அமைதி." பக்கத்து மேஜையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து நெரிடாவின் மடியில் வைத்தாள். "அந்த ஒன்பது விநாடியையும் எழுதிக் குடு. ஒண்ணு விடாம."

நெரிடா எழுதினாள். நீதிமன்றத்துக் கை, எழுத்து சுத்தமாகத்தான் விழுந்தது. ஒன்று: மரம் முறிகிறது. இரண்டு: முறிவு வலுக்கிறது. மூன்று: நெரிடா உன் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். நான்கு: டென்ஸிலின் விசில். ஐந்து: மறுபடி உன் பெயர். ஆறு: வாரிக் எண்ணுகிறான். ஏழு: சேற்றில் ஒருத்தி விழுகிற சத்தம். எட்டு: உன் பெயர், உன் பெயர். ஒன்பது என்று போட்டாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. அவள் அழுதாள், நான் பார்த்து முதல் முறையாக.

கிரிலி நோட்டை மெதுவாக இழுத்து வாங்கி எட்டு வரிகளையும் படித்தாள். பேனாவை மூடி நெரிடாவின் கையில் கொடுத்தாள்.

"ஒன்பதாவது வேணாம்" என்றாள், போர்வையில் கால் இல்லாத இடத்தின் மேல் கையை வைத்து. "அது எனக்குக் கேட்டுச்சு."